தம்பிக்கு மட்டும் முக்தி

என் அக்காவின் கணவர் வீழிநாதன் தம் வாழ்நாளில் ஒரே ஓர் ஆளைப் பார்த்துத்தான் வயிறு எரிந்தார். கூட வேலை பார்த்தவர்கள் பதவி உயர்ந்து போனார்கள், எதிர்வீட்டுக்காரர் மாடி எழுப்பினார். அதெல்லாம் அவரைத் தொடவே இல்லை. தம்பி வன்மீகநாதன் திருவாரூரில் பிறந்தான், தாம் பிறக்கவில்லை. அந்த ஒன்றுதான் அவரை அறுபது வருஷம் அரித்தது.

ஆரூரில் பிறந்தால் முக்தி, தில்லையில் தரிசித்தால் முக்தி, அண்ணாமலையை நினைத்தால் முக்தி, காசியில் இறந்தால் முக்தி என்பார்கள். இந்த நாலில் மூன்றை மனிதன் முயன்று பார்க்கலாம். பிறப்பை மட்டும் ஒன்றும் செய்ய முடியாது. தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்கிற வழக்கப்படி அத்தான் தம் அம்மாவின் ஊரான திருவீழிமிழலையில் பிறந்தார். அந்த ஊர்ச் சாமியின் பேரையே வைத்தார்கள். இரண்டு வருஷம் கழித்துப் பிறந்த தம்பிக்கு ஆரூர்ப் புற்றிடத்து ஈசனின் பேர் வாய்த்தது. வீட்டில் வன்மி என்று கூப்பிடுவார்கள்.

அவர்களுடைய அப்பா தியாகேசம் பிள்ளை, வீட்டுக்கு யார் வந்தாலும் இரண்டு பையன்களையும் நிறுத்தி வைத்து ஒரே வசனத்தைச் சொல்வாராம். "சின்னவன் ஆரூர்ப் புள்ள. அவனுக்குக் கவலையே இல்ல. பெரியவன்தான் பாவம், ஒழச்சு சம்பாதிச்சுக்கணும்." வந்தவர்கள் சிரிப்பார்கள். சின்னவனும் சிரிப்பான். பெரியவனுக்கு அன்று சோறு இறங்காது.

கமலாலயக் குளத்துப் படிக்கட்டில் இருவரும் குளிக்கும்போது தம்பி விடமாட்டானாம்.

"நீ அடுத்த பொறவியில எறும்பாப் பொறப்பண்ணே. நான் அப்ப கைலாசத்துல ஒக்காந்து மேலேருந்து ஒன்னப் பாப்பேன்."

"மிதிச்சுடுவியாடா?"

"சேச்சே. சீனி போடுவேன்."

இதை அத்தான் எனக்குச் சொன்னபோது அவருக்கு நாற்பது வயது. அந்தச் சீனியின் மேல் அவருக்கு அப்போதும் கோபம் தணியவில்லை.

பெரியவனாகி அவர் உழைத்துத்தான் பார்த்தார். நெல் கொள்முதல் நிலையத்தில் பட்டியல் எழுத்தர் வேலை. அறுவடைக் காலத்தில் மூட்டைகளுக்கு நடுவே தூசியோடு தூசியாக நிற்பார், ஆனால் நெற்றியில் திருநீறு கலைந்திருக்காது. கல்யாணத்துக்கு முன்பே மடத்தில் சமய தீட்சை வாங்கியிருந்தார். அந்தி சந்தி ஐந்தெழுத்து ஓதாமல் பல்லில் தண்ணீர் படாது. பிரதோஷம், சோமவாரம், சிவராத்திரி எதுவும் தவறாது.

தம்பி மைக் செட் கடை வைத்தார். கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம், கருமாதி எல்லாவற்றுக்கும் அவருடைய ஒலிபெருக்கிக் குழாய்தான் கட்டுவார்கள். சைவ வீட்டில் பிறந்தவர், ஆனால் நாகப்பட்டினத்து மீன்கூடைக்காரி அவர் கடை வாசலில் வந்து பேர் சொல்லிக் கூப்பிடுவாள். சாயங்காலமானால் கொஞ்சம் குடியும் உண்டு. கோயிலுக்கு ஒயர் இழுக்கப் போனால்தான் சாமி முன்னால் நிற்பார். "என்ன, சௌக்கியமா?" என்று கேட்கிற மாதிரி ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுபடி ஏணியில் ஏறிவிடுவார்.

ஊருக்கு அவரைத்தான் பிடித்திருந்தது. அதுதான் கொடுமை. ஆழித்தேர் நாளில் லட்சம் பேர் வடம் பிடிக்க, தேர்முட்டியிலிருந்து கேட்கிற ஒரே குரல் வன்மியின் குரல். "தெக்கால உள்ளவங்க கொஞ்சம் தளத்துங்க, ஆத்தாமாரெல்லாம் ஓரமா வாங்க, ஆரூரா தியாகேசா!" தேர் நிலைக்கு வந்ததும் குருக்கள் சாமி மாலையை அவர் கழுத்தில் போடுவார். விடியற்காலையில் குளித்துப் பட்டினி கிடந்து வடம் இழுத்த அத்தான், உள்ளங்கை தோல் உரிய, கூட்டத்தோடு நின்று அதைப் பார்ப்பார்.

ஒரு வருஷம் பொறுக்க முடியாமல் குருக்களிடமே கேட்டுவிட்டார். நானும் கூட நின்றேன்.

"சாமி, இந்த ஊர்ல பொறந்தவன் என்ன பண்ணாலும் முக்திதானா?"

"அப்படித்தான் பெரியவா சொல்லிவச்சிருக்கா. ஆரூர்ல பொறந்தவா எல்லாரும் சிவகணம்."

"கவுச்சி தின்னாலுமா?"

குருக்கள் சிரித்தார். "நீங்க யாரைச் சொல்றேள்னு தெரியறது. அவர் என் பொண்ணு கல்யாணத்துக்குக் காசே வாங்காம மைக் போட்டார், பாருங்கோ."

மடத்தில் தீட்சை கொடுத்தவரிடமும் போய்த் தம் மனத்தைத் திறந்து சொல்லியிருக்கிறார். ஆணவம் என்கிற மலம் உயிரோடு கூடவே பிறந்தது, செம்போடு களிம்பு பிறந்த மாதிரி, அருள் பட்டால்தான் அது போகும் என்று அவர் பொறுமையாக விளக்கினாராம். வெளியே வந்து அத்தான் என்னிடம் சொன்னார்: "செம்புக்குக் கூடவே பொறந்துச்சாம் மாப்ளே. எனக்குக் களிம்பு ரெண்டு வருஷம் கழிச்சுப் பொறந்துச்சு."

என் அக்கா வேதநாயகி உண்டானபோது எங்கள் வீட்டுக்கும் அவருக்கும் பெரிய சண்டை. வளைகாப்பு முடிந்து அழைத்துப் போக நாங்கள் வேதாரண்யத்திலிருந்து வண்டியோடு வந்து நிற்கிறோம். அத்தான் வாசற்படியில் குறுக்கே நின்றுவிட்டார்.

"புள்ள ஆரூர்லதான் பொறக்கணும். யாரு என்ன சொன்னாலும் அனுப்ப மாட்டேன்."

"மொதப் பிரசவம், நாங்க பாக்கலன்னா ஊரு என்ன பேசும்?" என்று எங்கள் அம்மா அழுதாள்.

"ஊரு பேசட்டும். எனக்கு எங்கம்மா பண்ணின அநியாயத்த என் புள்ளைக்கு நான் பண்ண மாட்டேன்."

கடைசியில் எங்கள் அம்மாதான் பாத்திரம் பண்டம், பிரசவ மருந்து எல்லாவற்றையும் மூட்டை கட்டிக்கொண்டு திருவாரூருக்கு வந்து தங்கினாள். பெண் பிறந்தது. கமலாம்பிகை என்று பேர் வைத்தார்கள். அத்தான் ஊர் முழுக்கக் கற்கண்டு கொடுத்தார். ஒரு வாரம் போயிருக்கும். தொட்டிலைப் பார்த்தபடி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தவர், "ஒரு தடவ கூட இன்னும் விழுந்து கும்பிடல, இதுக்கும் முக்தி" என்றார். குரலில் இருந்ததைக் கேட்டு அக்காவுக்கு முதலில் சிரிப்பு, அப்புறம் பயம். "பெத்த புள்ள மேலயே கண்ணு வைக்கிறீங்களே, நீங்கள்லாம் மனுசந்தானா?" என்று குழந்தைக்கு மிளகாய் சுற்றிப் போட்டாள்.

பிறப்பில் விட்டதைப் பிடிக்கத் தில்லைக்குப் போனார். மார்கழித் திருவாதிரை, என்னையும் இழுத்துக்கொண்டு போனார். கூட்டத்தில் நசுங்கி உள்ளே போய் நிற்கிறோம். தீபம் காட்டித் திரையை விலக்கினார்கள். என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. திரும்பிப் பார்த்தால் அத்தானின் முகம் பாகற்காயைக் கடித்தது போல இருந்தது.

வெளியே வந்து தோசைக்குச் சொல்லிவிட்டு உட்கார்ந்தோம். "திரைய வெலக்குறாங்க மாப்ளே. எனக்கு சாமியே தெரியல. வன்மிக்கு இந்த மிதி படற வேலையே இல்லியேன்னுதான் தோணுச்சு. அந்த நேரம் பாத்து அந்தப் பய மூஞ்சி வந்து நிக்குது" என்றார்.

அண்ணாமலையும் அப்படித்தான் ஆயிற்று. அதற்கு எங்கும் போக வேண்டாம், நினைத்தால் போதும் என்று தினமும் கண்ணை மூடி உட்காருவார். மலை வரும். மலை உச்சியில் குழாய் கட்டிக்கொண்டு தம்பி நிற்பார்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் கடைசி வழியையும் பிடித்தார். மகளுக்குக் கல்யாணம் முடிந்திருந்தது. "நான் காசிக்குப் போறேன். போனா வர்றதுக்கில்ல" என்று அக்காவிடம் சொன்னார். அக்கா பதறவில்லை. முப்பது வருஷத்தில் அவரை அவள் அறிந்திருந்தாள். "போங்க. ஸ்வெட்டர எடுத்துக்கங்க, அங்க குளிரும்" என்றாள். புறப்படும்போது தம்பியும் ரயிலடிக்கு வந்தார். "அண்ணே, எனக்கு முன்னாடி போயிட்டேன்னா எனக்கும் ஒரு எடம் போட்டு வையி" என்றார். அத்தான் ஜன்னலை இறக்கிவிட்டார்.

காசியில் தமிழ்நாட்டுச் சத்திரம் ஒன்றில் தங்கினார். தினம் கங்கைக் குளியல், மூன்று வேளையும் அளவான சாப்பாடு, படியேறி இறங்குகிற நடை. மூன்று மாதத்தில் இருபது வருஷச் சர்க்கரை இறங்கிவிட்டது. மூட்டுவலி போய்விட்டது. நான் போன் போட்டால் எரிந்து விழுவார்.

"வந்தவனெல்லாம் போறான் மாப்ளே. பக்கத்து ரூம்ல ஒரு ஆந்திராக்காரரு, வந்து பத்து நாளுதான். நேத்து காப்பி குடிச்சிட்டு சாஞ்சாரு, முடிஞ்சுது. நம்ம வன்மி மாதிரி ஆளு. கேக்காமயே கெடைக்குது. எனக்குப் பசி எடுக்குதுய்யா! சின்ன வயசுல கூட இப்படிப் பசிச்சதில்ல."

அந்த நேரத்தில்தான் தம்பிக்குக் கல்லீரல் கெட்டுப்போய்விட்டது என்று தெரிந்தது. தஞ்சாவூரில் வைத்துப் பார்த்துவிட்டு, வீட்டுக்கு அழைத்துப் போகச் சொல்லிவிட்டார்கள். அக்கா காசிக்குப் பேசினாள். அத்தான், "சாகறதுக்குன்னு இங்க வந்து குந்தியிருக்கறவன் நான். அங்க அவனுக்கு வருது பாரு" என்று சொல்லிவிட்டு அன்றே டிக்கெட் போட்டுவிட்டார்.

மாயவரத்தில் நான் அவரை எதிர்கொண்டேன். கன்னம் பளபளத்தது, பத்து வயது குறைந்திருந்தார். அங்கிருந்து திருவாரூர் வண்டியில் ஏறினோம். பூந்தோட்டத்தில் அத்தானின் மங்கை சித்தி, அம்மாவின் கடைசித் தங்கை, தம்பியைப் பார்க்க எங்களோடு வருவதாகச் சொல்லியிருந்தாள். அங்கே வந்து ஏறிக்கொண்டாள். அடுத்த ஸ்டேஷன் நன்னிலம். வண்டி நின்றதும் சித்தி ஜன்னல் வழியே பார்த்துப் பெருமூச்சு விட்டாள்.

"இந்த ஸ்டேஷன் வந்தாலே எனக்கு அந்த நாளு ஞாபகம் வந்துடும். அக்காவுக்கு இங்கதான வலி கண்டுச்சு."

"எந்த வலி?" என்றார் அத்தான்.

"வன்மியப் பெத்த வலிதான். வேற எந்த வலி?"

சித்தி பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனாள். வீழிமிழலையில் ஒரு கல்யாணத்துக்கு வந்துவிட்டு அக்காவும் மாமாவும் ரயிலில் ஊர் திரும்புகிறார்கள். துணைக்குப் பத்து வயதுச் சித்தியும் வருகிறாள். பூந்தோட்டம் தாண்டியதும் வலி. நன்னிலத்தில் இறக்கினார்கள். ஸ்டேஷன் மாஸ்டர் பெண்டாட்டி சேலையை மறைப்புக் கட்டினாள். பொம்பளைகள் தங்குகிற அறையில் குழந்தை பிறந்தது.

"ஒங்கப்பாரு பொழுது சாயறதுக்குள்ள வில்வண்டி வச்சு ஆரூருக்குக் கூட்டிட்டுப் போயிட்டாரு. ஒரு புள்ளயாவது ஆரூர்ல பொறக்கணும்னு அவருக்கு அம்புட்டு ஆச. 'வாயத் தொறந்தா பாரு'ன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கினாரு. இப்ப அவரும் இல்ல, அக்காவும் இல்ல. சொன்னா என்ன வந்துடப் போவுது?"

அத்தான் எழுந்து வாசலுக்குப் போய், டீக்காரனைக் கூப்பிட்டு எங்களுக்கு டீ வாங்கிக் கொடுத்தார். வடையும் வாங்கினார். சித்திக்கு இன்னொரு வடை வேண்டுமா என்று கேட்டார். கல்யாணத்தன்றுகூட அப்படி ஒரு சிரிப்பை அந்த முகத்தில் நான் பார்த்ததில்லை. திருவாரூர் வரும்வரை காலாட்டிக்கொண்டே வந்தார்.

ஸ்டேஷனில் இறங்கியதும் அவரைத் தனியே இழுத்தேன். "அத்தான், அவரு கெடக்கற கெடையில இதப் போயி சொல்லாதீங்க."

"சொல்லாம? அறுபது வருஷம் மாப்ளே. அவன் ஒரு நாளாவது நான் பட்ட பாட்டப் பட வேணாமா?"

மறுநாள் காலையில் போனோம். வன்மி முன்கூடத்தில் கட்டிலில் கிடந்தார். வயிறு உப்பி, கண் மஞ்சளாகி, குரல் மட்டும் பழைய குரல்.

"அண்ணே! காசியில எடமில்லன்னு திருப்பி அனுப்பிட்டானுவளா?"

அவர் மனைவி குணவதி காப்பி கொண்டுவந்து வைத்தாள். "மாமா, நீங்க வந்ததுல அவருக்குப் பாதி சீக்கு போயிடுச்சு" என்றாள். அவள் உள்ளே போகிறவரை அத்தான் காத்திருந்தார். பிறகு நாற்காலியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டார்.

"வன்மி, ஒங்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

தம்பி அவர் முகத்தைப் பார்த்தார். "என்ன, நன்னிலமா?" என்றார்.

அத்தான் குணவதி போன பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"சித்தி ஒங்க கூட ரயில்ல வந்துச்சுன்னு சொன்னப்பவே நெனச்சேன். எனக்குப் பதினாறு வயசுலயே தெரியும்ணே. பத்தாவது பெயிலானன்ல, அம்மா வெளக்கமாத்த எடுத்துக்கிட்டு, 'முக்தி இருக்குங்கற திமிருலதானடா படிக்க மாட்டேங்குற, நீ நன்னிலத்துல பொறந்த பயடா'ன்னு போட்டு ஒடச்சிடுச்சு."

"தெரிஞ்சுமாடா என்னை இத்தன வருஷம்..."

"நீ மொறைக்கறப்ப நல்லாருக்கும்ணே. என்னப் பாத்துப் பொறாமப்பட ஒலகத்துல ஒன்ன விட்டா வேற யாரு இருக்கா? அத வுட மனசு வரல."

அத்தானின் கை நாற்காலிச் சட்டத்தைப் பிடித்திருந்தது. தணிந்த குரலில் கேட்டார். "பயமா இல்லியாடா ஒனக்கு?"

"அப்ப ஒரு வாரம் பயந்தேன். அப்பறம் கோயிலுக்குப் போனேன். 'நான் ஒங்க ஊரு இல்லீங்க, சும்மா சொல்லிக்கிட்டுத் திரியறேன், பாத்துக்குங்க'ன்னு சொல்லிட்டு வந்துட்டேன். அவ்வளவுதான்."

"அவரு என்ன சொன்னாரு?"

"என்ன சொல்லுவாரு? பேசாம இருந்தாரு. சரின்னு எடுத்துக்கிட்டேன்." வன்மி இருமினார், பிறகு சிரித்தார். "பொறந்த எடம் பாத்துத்தான் சேத்துக்குவாருன்னா அவரு சாமியா, தாசில்தாராண்ணே?" அதைச் சொல்லிவிட்டு அயர்ந்து, பேசிக்கொண்டிருந்தபடியே தூங்கிப்போனார்.

அத்தான் வெளியே வந்து நேரே குளத்துப் படிக்கட்டுக்குப் போய் உட்கார்ந்தார். நானும் பின்னாலேயே போனேன். சந்தோஷமும் இல்லை, கோபமும் இல்லை. அவர் முகம் வெறிச்சென்று கிடந்தது.

"அவங்கிட்ட ஒண்ணுமே இல்ல மாப்ளே. பொறந்த ஊரு இல்ல, தீட்ச இல்ல, ஒரு தேவாரம் தெரியாது. ஒண்ணுமே இல்லாம படுத்திருக்கான், கொறட்ட விட்டுத் தூங்கறான். நான் எல்லாம் வச்சிருக்கேன். நான் ஒரு நாளாவது அப்படித் தூங்கியிருக்கனா?" குளத்துத் தண்ணீரைப் பார்த்தார். "ஆரூர்ல பொறந்தான்னு நெனச்சப்ப இவ்வளவு எரியல. இப்பத்தான் எரியுது."

அதற்குப் பிறகு அவர் தம்பி வீட்டை விட்டு அசையவில்லை. துடைத்துவிடுவது, கஞ்சி ஊட்டுவது, திருநீறு பூசிவிடுவது எல்லாம் அவரே செய்தார். குணவதி செய்ய வந்தால் முறைப்பார். தம்பி தண்ணீருக்கு மனைவியைக் கூப்பிட்டுவிட்டால் போதும், அன்று முழுக்க உர்ரென்று இருப்பார். கடைக்காரர்கள், கட்சிக்காரர்கள், மீன்காரி என்று பார்க்க வந்தவர்களின் கையைத் தம்பி பிடித்துக்கொண்டு பேசினாலும் அத்தானுக்குப் பொறுக்காது. "போதும் போதும், அவன் அயரணும்" என்று விரட்டுவார். ஒருநாள் வன்மி கேட்டார்: "அண்ணே, அந்த அஞ்செழுத்த எனக்கும் சொல்லிக் குடேன்." அத்தான் காதில் சொன்னார். சொல்லிவிட்டு வெளியே வந்து, "மூணே தரம் சொன்னான், கண்ணுல தண்ணி வந்துடுச்சு அவனுக்கு. எனக்கு நாப்பது வருஷத்துல வரல" என்று என்னிடம் புலம்பினார்.

ஒரு மத்தியானம், மோர்ச்சோறு இரண்டு வாய் வாங்கிவிட்டு, அண்ணன் மடியில் தலை இருந்தபடியே வன்மி போய்விட்டார்.

பஞ்சாங்கம் பார்த்தால் அவிட்டம். அடைப்பு நட்சத்திரம், அதில் இறந்தால் மேலே போகிற வழி அடைபடும், வீட்டுக்கும் ஆகாது என்பார்கள். வந்திருந்த சொந்தக்காரர்களுக்குள் குசுகுசுவென்று பேச்சு. "இத்தன நாளும் ஆரூரு ஆரூருன்னு சொல்லிக்கிட்டிருந்தாரு, அடைப்புல போயிட்டாரே. நல்ல கதி வாய்க்கணுமே" என்று ஒருவர் வாய்விட்டே சொன்னார். மங்கை சித்தி மூக்கைச் சிந்திக்கொண்டு, "ஆரூரு எங்கருந்து ஆரூரு, அந்தப் புள்ள பொறந்தது..." என்று ஆரம்பித்தாள்.

"சித்தி!" அத்தானின் குரலில் கூடம் அடங்கிப்போயிற்று. "அவன் இங்கதான் பொறந்தான். இந்த வீட்லதான் பொறந்தான். நான் பக்கத்துல இருந்து பாத்தேன்."

இரண்டு வயதில் அவர் எதைப் பார்த்திருப்பார்? யாரும் கேட்கவில்லை. சித்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். புரோகிதரைப் பார்த்து அத்தான், "அடைப்புக்கு என்ன உண்டோ அத வீட்டுக்குப் பண்ணுங்க, வெளக்கு வைக்கணும்னா வைக்கிறோம். அவனப் பத்தி மட்டும் யாரும் பேசப்படாது. அவன் போயி சேந்தாச்சு" என்றார். சொல்லும்போது பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். பக்கத்தில் நின்ற எனக்குத்தான் அந்தப் பல் நறநறப்பு கேட்டது. பாடை தெரு திரும்பும்போது ஊரிலிருந்த மற்ற மைக் செட்டுக்காரர்கள் எல்லாரும் ஆளுக்கொரு குழாயோடு வந்து நின்றதைப் பார்த்து, "பாத்தியா கூட்டத்த?" என்றார். அழுதபடிதான் கேட்டார்.

அத்தான் மறுபடி காசிக்குப் போகவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, "அங்க பசிக்குது" என்றார். பொறாமை போய்விட்டது என்று நான் சொன்னால் அது பொய். பூசையில் உட்கார்ந்தால் இப்போதும் தம்பிதான் முதலில் வருகிறாராம். முன்பெல்லாம் அவரைத் துரத்தப் பார்ப்பார். இப்போது, வந்தால் வரட்டும் என்று ஐந்தெழுத்தைத் தொடங்கிவிடுகிறாராம்.

போன மாதம் வன்மியின் முதல் திதி. திருப்பூரில் வேலை பார்க்கிற அவர் மகன் வந்து செய்தான். பிண்டத்தை இலையோடு எடுத்துப்போய் மொட்டைமாடிச் சுவரில் வைத்தான். அவன் கையை எடுப்பதற்குள் காக்கைகள் நாலைந்து வந்து இறங்கிவிட்டன. அத்தான் மாடிப்படியில் நின்று பார்த்தார்.

"பாரு மாப்ளே, பாரு" என்று என் தோளைப் பிடித்து உலுக்கினார். "எங்கப்பாவுக்கு வைக்கறப்ப நான் தொண்ட கிழியக் கத்துவேன், ஒண்ணு வராது. இவனுக்கு, கூப்புடக்கூட இல்ல!"